இரைச்சல் எங்கிருந்து வருகிறது?



வானொலிப் பெட்டியைத் திருப்பும்போது, நாம் நாடும் குரலோடு நாம் நாடாத இரைச்சலும் கலந்து வருவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சில வேளைகளில் அது கொதிக்கும் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இருக்கும். சில வேளைகளில் வண்டு முரல்வதுபோல் இடைவிடாது ஒலிக்கும். வேறு சில வேளைகளில் யாரோ சீழ்க்கையடிப்பதுபோல் கூர்மையாக எழும். "நிலையத்தில் ஏதோ பழுது" என்று சொல்லிவிட்டு நாம் பெட்டியை மூடிவிடுகிறோம். உண்மையில் அந்த இரைச்சல் பெரும்பாலும் நிலையத்திலிருந்து வருவதன்று. அது எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, அதைத் தடுப்பது எங்ஙனம் என்பதையே இன்று உங்களோடு பேசக் கருதியுள்ளேன்.

இந்தப் பொருளை நான் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் கூறிவிடுகிறேன்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலம். 'தானே' என்று பெயரிடப்பட்ட கடும்புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த நாள் அது. எங்கள் உப்பளம், பெயரே சொல்வதுபோல், கடலுக்கு அண்மையிலுள்ள பகுதி. இரவு முழுவதும் காற்று ஊளையிட்டது. மரங்கள் முறியும் ஓசை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. ஊர் முழுவதும் மின்சாரம் நின்றுபோயிற்று. கைப்பேசியும் பயனற்றுப் போயிற்று. வீட்டில் எங்களுக்கு இருந்த ஆறுதல் இரண்டு. ஒன்று, தாழ்வாரத்தில் வைத்திருந்த இன்வெர்ட்டரும் அதன் மின்கலமும். அவற்றால் கூடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மற்றொன்று, நான்கு சிறு மின்கலங்களால் இயங்கும் என் பழைய டிரான்சிஸ்டர் வானொலி.

காலை ஆறு மணியளவில் வானொலியை எடுத்துத் திருச்சி நிலையத்தைத் தேடினேன். 936 கிலோ ஹெர்ட்ஸில் எப்போதும் கேட்கும் இடத்தில், ஒரே இரைச்சல். முள்ளை இப்புறமும் அப்புறமும் நகர்த்திப் பார்த்தேன். எங்கும் அதே முரலொலி. புயல் எங்கே நிற்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் வீசும், கடல் உள்ளே வருமா என்று அறியத் துடித்த நேரத்தில், குரல் இல்லை. "இந்த வேளையிலா நிலையத்தார் கைவிட வேண்டும்!" என்று சலித்துக்கொண்டேன். என் பக்கத்திலிருந்த என் மனைவியார், "இடிமின்னலால் இருக்கும்" என்றார்.

அப்போது என் ஆசிரிய மனம் விழித்துக்கொண்டது. மின்னலின் இரைச்சல் விட்டுவிட்டு வெடிக்கும். இதுவோ சீராக ஒலிக்கிறது. சீரான ஒலிக்குச் சீரான காரணம் இருக்கவேண்டும். ஊரில் எங்கும் மின்சாரம் இல்லை. ஆதலின் தெருக் கம்பியையோ அயலார் வீட்டையோ குறை கூற இயலாது. இந்த வீட்டில் இப்போது மின்சாரம் ஓடுவது ஒரே இடத்தில்தான். எழுந்து சென்று இன்வெர்ட்டரின் விசையை அணைத்தேன். வீடு இருண்டது. அந்தக் கணமே வானொலியிலிருந்து, தெளிவாக, மனிதக் குரல் கேட்டது. புயல் கரையைக் கடந்துகொண்டிருக்கிறது என்ற செய்தியை நாங்கள் இருட்டில் அமர்ந்து கேட்டோம். விளக்கு வேண்டுமாயின் குரல் இல்லை. குரல் வேண்டுமாயின் விளக்கு இல்லை. அன்று இரண்டும் சேர்ந்து கிடைக்கவில்லை. நிலையத்தார் தம் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தனர். அவர்கள் குரலை என் வீட்டு வாயிலிலேயே நான் அடைத்து வைத்திருந்தேன்.

இனி, இது எவ்வாறு நிகழ்ந்தது என்று பார்ப்போம்.

வானொலி பிறந்ததே இரைச்சலில்தான் என்றால் வியப்பாக இருக்கும். 1887, 1888-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், இரண்டு உலோகக் குமிழ்களுக்கிடையே மின்பொறி ஒன்றைத் தாவச் செய்தார். அறையின் மறுபுறத்தில், எந்தக் கம்பியும் இணைக்காத வளையமொன்றின் இடைவெளியிலும் சிறு பொறி தோன்றக் கண்டார். மின்னோட்டம் திடீரென மாறும்போதெல்லாம் சுற்றிலும் மின்காந்த அலை எழும் என்ற உண்மை அன்று கண்கூடாயிற்று. 1890-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் எத்துவார் பிரான்லி, உலோகத்தூள் நிறைந்த கண்ணாடிக் குழாயொன்று, தொலைவில் பொறி தெறித்தவுடன் மின்சாரத்தை எளிதாகக் கடத்தத் தொடங்குவதைக் கண்டறிந்தார். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சுவர்களை ஊடுருவிச் செல்லும் அலைகளை மக்கள் முன்னிலையில் காட்டினார். 1901 டிசம்பர் 12-ஆம் நாள் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து அனுப்பிய குறியும் மின்பொறியால் எழுந்த குறியே.

பொறியால் எழும் அலைக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது ஓர் அலைவரிசையோடு நிற்பதில்லை. பல அலைவரிசைகளிலும் பரந்து பாயும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் உரக்கக் கத்தினால் ஒருவர் பேச்சும் விளங்காதல்லவா? அதுபோல், பொறி அலைபரப்பிகள் பெருகியபோது ஒன்றின் செய்தியை மற்றொன்று கெடுத்தது. எனவே 1927-ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு, அவற்றைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது. முன்வாயிலில் நாம் வெளியேற்றிய அந்தப் பொறி, பின்வாயில் வழியாக வேறு உருவில் நம் வீட்டுக்குள் மீண்டும் நுழைந்துவிட்டது. அந்த உருவத்திற்கே சார்ஜர் என்றும் இன்வெர்ட்டர் என்றும் பெயர்.

மின்கலம் தருவது நேர்மின்னோட்டம். ஒரே திசையில் செல்வது. நம் வீட்டுச் சுவரில் வருவது மாறுமின்னோட்டம். ஒரு நொடியில் 50 முறை சுழன்று திசை மாறுவது. மின்கலத்தின் 12 வோல்ட்டை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக்குவது இன்வெர்ட்டர். சுவரிலுள்ள 230 வோல்ட்டைத் தாழ்த்தி மின்கலத்துக்கு ஊட்டுவது சார்ஜர். முற்காலத்துச் சார்ஜரில் கனத்த இரும்பு மின்மாற்றி ஒன்று இருக்கும். தூக்கினால் கை வலிக்கும். இன்றைய சார்ஜரோ உள்ளங்கையில் அடங்குகிறது. இந்த மாற்றத்தின் இரகசியம் வேகம். மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பினால், மிகச் சிறிய மின்மாற்றியே போதும். டிரான்சிஸ்டர் ஒன்று இந்த வேலையைச் செய்கிறது. விசையை நொடிக்கு ஐம்பதாயிரம், இலட்சம் முறை போட்டுப் போட்டு அணைக்கும் சலியாத பணியாள் அது. இதனால் எடை குறைந்தது, விலை குறைந்தது, மின்சாரம் வீணாவதும் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் மின்னோட்டம் திடீரென மாறுகிறது. திடீர் மாற்றம் அலையை எழுப்பும் என்று ஹெர்ட்ஸ் முன்னமே காட்டிவிட்டார் அல்லவா?

"வெட்டுவது இலட்சம் முறை, வானொலி கேட்பதோ பல இலட்சம் அதிர்வுகளில். இரண்டும் எவ்வாறு சந்திக்கும்?" என்று உங்களில் கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. விடை சொல்ல வீணையைத் துணைக்கு அழைப்போம். வீணையின் நரம்பை மீட்டினால் அதன் அடிப்படைச் சுரம் மட்டும் எழுவதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. நம் மிருதங்கத்தின் கருஞ்சோற்றுப் பூச்சு, தோலின் அதிர்வுகளை இத்தகைய ஒழுங்கான மடங்குகளாக அமைக்கிறது என்பதைச் சர் சி. வி. இராமன் 1920-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். மென்மையாக எழுந்து தாழும் அலையில் மேற்சுரங்கள் இல்லை. சுவர்போல் செங்குத்தாக எழுந்து செங்குத்தாக விழும் அலையில் அவை எண்ணற்று நிறைந்துள்ளன. எந்தச் சீரான அலையையும் இத்தகைய மடங்குகளின் தொகுதியாகப் பிரிக்கலாம் என்ற கணிதத்தை வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே. அவரது நூல் வெளிவந்தது 1822-ஆம் ஆண்டில்.

இப்போது சிறிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். எழுதுகோல் வைத்திருப்போர் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சார்ஜர் நொடிக்கு 72,000 முறை, அதாவது 72 கிலோ ஹெர்ட்ஸில், மின்னோட்டத்தை வெட்டுகிறது என்று கொள்வோம். நம் நாட்டில் மத்திய அலை 531 முதல் 1602 கிலோ ஹெர்ட்ஸ் வரை பரந்துள்ளது. 72-இன் எட்டாம் மடங்கு 576. இருபத்திரண்டாம் மடங்கு 1584. எனவே எட்டு முதல் இருபத்திரண்டு வரை, பதினைந்து மேற்சுரங்கள் மத்திய அலைக்குள்ளேயே வந்து விழுகின்றன. அவற்றுள் பத்தாம் மடங்கு 720. அது சென்னை நிலையத்தின் அலைவரிசை. பதின்மூன்றாம் மடங்கு 936. அது திருச்சி நிலையத்தின் அலைவரிசை. ஒரே சார்ஜர் இரண்டு நிலையங்களின் தலையிலும் ஏறி அமர்ந்துவிட்டது!

அதோடு முடியவில்லை. மின்கலம் நிறைய நிறைய, கருவி சூடேற ஏற, வெட்டும் வேகம் சற்று மாறக்கூடும். 72 என்பது 72.1 ஆனால், பத்தாம் மடங்கு 721 ஆகும். நிலையத்தின் 720-க்கும் இந்த 721-க்கும் இடையேயுள்ள வேறுபாடு 1 கிலோ ஹெர்ட்ஸ். அந்த வேறுபாடே நம் காதில் சீழ்க்கையாக ஒலிக்கிறது. வேகம் மாற மாறச் சீழ்க்கையும் ஏறி இறங்கும். சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவியாயின், நொடிக்கு 100 முறை துடிக்கும் முரலொலியும் உடன் சேரும். 50 முறை சுழலும் மின்னோட்டத்தில் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு முகடுகள் இருப்பதே அதற்குக் காரணம். காதைத் தீட்டிக்கொண்டால், இரைச்சலின் இயல்பைக் கொண்டே அதன் பிறப்பிடத்தை ஓரளவு ஊகித்துவிடலாம்.

சார்ஜருக்குள் பிறந்த அலை எவ்வாறு வெளியே வருகிறது? பெட்டிக்குள்ளிருக்கும் சிறு சுற்று தானாக நெடுந்தொலைவு அலை வீச வல்லதன்று. அதற்கு வாகனமாவது கம்பி. மின்கலத்துக்குச் செல்லும் கம்பி, சுவருக்குச் செல்லும் கம்பி, வீட்டுச் சுவர்களுக்குள் ஓடும் கம்பி ஆகியவை அனைத்தும் வான்கம்பிகளாகிவிடுகின்றன. இதைத் தடுக்கக் கருவியின் வாயிலில் வடிகட்டி வைப்பதுண்டு. காந்தப்பொருள் உள்ளீட்டின்மேல் சுற்றிய கம்பிச்சுருளும் சில மின்தேக்கிகளும் சேர்ந்ததே அந்த வடிகட்டி. 50 ஹெர்ட்ஸைத் தடையின்றி விட்டு, உயர்ந்த அதிர்வுகளை உள்ளேயே மடக்கிவிடும். ஒழுங்காகச் செய்யப்பட்ட கருவியில் இது இருக்கும். மலிவாகச் செய்யப்பட்ட கருவியைப் பழுதுபார்ப்போர் திறக்கும்போது, வடிகட்டிக்கென்று அச்சிட்ட இடம் பலகையில் வெற்றிடமாகவே இருக்கக் காண்பதுண்டு. சில ரூபாயை மிச்சப்படுத்தியவர் ஒருவர். அதன் இரைச்சலைக் கேட்பவர் வேறொருவர்.

இத்தகைய இடையூறு எல்லா இடத்தையும்விட மிகுதியாகக் காணப்படுவது நெருக்கமான இடங்களில். கேரவன் என்னும் உலாவீட்டு ஊர்தியை எண்ணிப் பாருங்கள். அண்டை மாநிலமாகிய கேரளம் 2021-ஆம் ஆண்டில் இத்தகைய ஊர்திகளுக்கென்றே சுற்றுலாக் கொள்கை ஒன்றை வகுத்தது. ஒரே ஊர்திக்குள் படுக்கை, சமையலிடம், குளிர்பெட்டி, விளக்குகள். அவற்றுக்கு வேண்டிய மின்கலங்கள், சார்ஜர், இன்வெர்ட்டர். வானொலிப் பெட்டியும் அங்கேயே, இரண்டு முழத் தொலைவில். ஊர்தியின் உலோகச் சுவர், வெளியிலிருந்து வரும் நிலையத்தின் அலையைத் தடுக்கிறது. உள்ளே பிறக்கும் இரைச்சலையோ வெளியேற விடாமல் அடைத்து வைக்கிறது. குரல் மெலிகிறது, இரைச்சல் வலுக்கிறது. காட்டோரத்தில் தங்கி, வானிலை அறிய வானொலியைத் திருப்புவோர்க்கு இது சிறு தொல்லையன்று. மின்சாரக் கார்களைச் செய்யும் சில நிறுவனங்கள் இதே காரணம் காட்டி மத்திய அலை வானொலியையே காரிலிருந்து நீக்கிவிட்டன. அவசரச் செய்தி மக்களைச் சென்றடையாதே என்ற கவலையால், அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டு, ஒவ்வொரு காரிலும் அந்த வானொலி இருக்க வேண்டுமென்று மசோதா கொண்டுவரப்பட்டது.

கேரவன் நமக்குத் தொலைவாகத் தோன்றலாம். எங்கள் உப்பளத்துக்கு அருகே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகைப் பாருங்கள். அதுவும் நகரும் வீடே. அதிலும் மின்கலம் உண்டு, சார்ஜர் உண்டு, எல்.இ.டி. விளக்குகள் உண்டு. உயிர்காக்கும் வி.எச்.எஃப். வானொலியும் உண்டு, ஆபத்து அழைப்புக்குரிய அதன் 16-ஆம் தடம் 156.8 மெகா ஹெர்ட்ஸில் உள்ளது. எல்.இ.டி. விளக்கும் தன்னுள் ஒரு சிறு மின்மாற்றுச் சுற்றை உடையது. அத்தகைய விளக்குகள் கப்பல்களின் வானொலியைக் கெடுக்கின்றன என்று அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. அது கூறிய சோதனை மிக எளிது. விளக்குகளை அணைத்துவிட்டு, ஆளில்லாத ஒரு தடத்தில் வானொலியை வைத்து, இரைச்சலை அடக்கும் திருகை இரைச்சல் சற்றே மறையும் அளவுக்குத் திருப்புக. பிறகு விளக்கைப் போடுக. இரைச்சல் மீண்டும் கேட்டால் குற்றவாளி அந்த விளக்கே. நம் கடற்கரை ஊர்களில் உள்ள மாணவர்கள், வீட்டுப் பெரியோர் துணையோடு, படகு கரையில் நிற்கும்போதே இதைச் செய்து பார்க்கலாம்.

எல்.இ.டி. விளக்கையோ சூரிய மின்னாற்றலையோ நான் பழிக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். வீடுகளுக்குக் குறைந்த விலையில் எல்.இ.டி. விளக்கு வழங்கும் திட்டம் 2014-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது நம் புதுச்சேரியில்தான். 2015-ஆம் ஆண்டு சனவரியில் அது நாடு முழுவதற்கும் விரிந்து, 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பட்டன. அதனால் நாடு சேமித்த மின்சாரம் பெரிது. நன்மை பெரிதாயின், அதனோடு வரும் சிறு தீமையைக் களைவது நம் பொறுப்பு, நன்மையைத் துறப்பதன்று.

"பண்பலையில் கேட்டால் இரைச்சல் இல்லையே, மத்திய அலை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். மத்திய அலையில் குரலானது அலையின் உயரத்தை ஏற்றி இறக்கிச் செல்கிறது. இரைச்சலும் உயரத்தோடு சேர்கிறது. ஆதலின் பெட்டியால் இரண்டையும் பிரிக்க இயலுவதில்லை. பண்பலையில் குரல் அலையின் அதிர்வெண்ணை மாற்றிச் செல்கிறது. உயரத்தில் ஏறும் இரைச்சலைப் பெட்டி வெட்டி எறிந்துவிடும். இம்முறையை இரைச்சலை ஒழிக்கவேண்டுமென்றே அமெரிக்கப் பொறியியலாளர் ஆர்ம்ஸ்ட்ராங் உருவாக்கி 1933-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் பண்பலை முதன்முதலில் ஒலித்தது 1977-ஆம் ஆண்டு, சென்னையில். ஆயினும் பண்பலை அடிவானத்தைத் தாண்டி அதிகம் செல்வதில்லை. சில பத்துக் கிலோமீட்டரோடு அதன் வலிமை தேய்ந்துவிடும். மத்திய அலையோ பூமியின் பரப்பைத் தழுவி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். உள்ளூர் நிலையம் புயலில் ஓய்ந்த நேரத்தில், 150 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள நிலையத்தின் குரல் நம்மைத் தேடி வருவது அந்த அலையில்தான்.

இரைச்சலை ஆராய்வது இழிந்த தொழில் என்று நினைக்கவேண்டா. அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞர், தொலைபேசி ஆய்வுக்கூடமொன்றில், வானொலித் தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல்களின் பட்டியலைத் தயாரிக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். அண்மை இடியையும் தொலைவிடியையும் நீக்கிய பின்னும் மெல்லிய சீறல் ஒன்று எஞ்சியது. அது நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி வந்தது. கதிரவனைப் பின்பற்றாமல் விண்மீன்களைப் பின்பற்றுகிறது என்பதைக் கொண்டு, அது பால்வெளியின் நடுப்பகுதியிலிருந்து வருவதென்று 1933-ஆம் ஆண்டில் அறிவித்தார். வானொலி வானியல் என்னும் ஒரு துறையே அந்த இரைச்சலில் பிறந்தது. நம் உதகமண்டலத்தில், மலைச்சரிவொன்றில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய வானொலித் தொலைநோக்கி கோவிந்த் ஸ்வரூப் அவர்களின் முயற்சியால் 1970-ஆம் ஆண்டில் எழுந்தது. அந்தச் சரிவின் கோணமும் அவ்விடத்தின் அகலாங்கும் ஒன்றாக இருப்பதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துள்ளது. கோடானுகோடி மைல் கடந்து நொய்ந்து வரும் அலையைக் கேட்கும் அந்தச் செவிக்கு, அருகிலுள்ள ஒரு கெட்ட சார்ஜரும் பேரிடியாகும்.

இடையூற்றை அடக்கும் முயற்சி புதிதன்று. 1934-ஆம் ஆண்டிலேயே பாரிசில் இதற்கெனப் பன்னாட்டுக் குழுவொன்று அமைந்தது. ஒரு கருவி எவ்வளவு இரைச்சலை வெளியிடலாம் என்பதற்கு அக்குழு வகுக்கும் வரம்புகளே இன்று உலகின் பல நாடுகளிலும் அடிப்படை. நம் நாட்டில் அலைவரிசைகளைப் பங்கிட்டுக் காக்கும் மைய அரசின் பிரிவு 1952-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஆயினும் சட்டத்தின் கண் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைய இயலாது. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு செய்தியைக் கேளுங்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு சிற்றூரில், பதினெட்டு மாதங்களாக, நாள்தோறும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் இணையத் தொடர்பு கெட்டது. கம்பிகளை மாற்றியும் பயனில்லை. இறுதியில் பொறியியலாளர்கள் அளவுக் கருவியோடு மழையில் தெருத்தெருவாக நடந்து காரணத்தைக் கண்டனர். ஒருவர் வீட்டில் ஏழு மணிக்குப் போடப்படும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியே காரணம். அறிந்ததும் அவர் மிகவும் வருந்தி, இனி அதைப் போடுவதில்லை என்று உறுதி கூறினார். அவர் கெட்டவரல்லர், அறியாதவர். தானே புயலன்று நானும் அவ்வாறே அறியாதவனாக இருந்தேன்.

இனி நீங்கள் செய்யத்தக்கவை சில கூறுகிறேன்.

மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். அதைக் கையிலேந்தி வீடு முழுவதும் நடந்து, எந்த இடத்தில் இரைச்சல் மிகுகிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து, எதை அணைத்தால் இரைச்சல் நிற்கிறது என்று காணுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை அணைக்கவேண்டா. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே ஆராய்ச்சியின் முதல் விதி.

குற்றவாளியைக் கண்டபின் வானொலியை அதனின்று விலக்கி வையுங்கள். மிக அருகிலுள்ள இரைச்சல், தொலைவு இருமடங்கானால் எட்டில் ஒரு பங்காகக்கூடக் குறையும். வானொலியைச் சுற்றித் திருப்பியும் பாருங்கள். பெட்டிக்குள்ளிருக்கும் ஃபெரைட் தண்டின் முனை அலை வரும் திசையை நோக்கும்போது அது அலையை ஏற்பதில்லை. இரைச்சல் வரும் திசைக்கு அம்முனையைக் காட்டினால் இரைச்சல் தணியும். சார்ஜரின் கம்பியைத் தேவைக்கு மேல் நீளமாக விடாதீர்கள். மின்கலத்தின் இரு கம்பிகளையும் பிரித்துப் பரப்பாமல் இணைத்து ஓட்டச் சொல்லுங்கள். ஃபெரைட் வளையம் கடைகளில் கிடைக்கும். சார்ஜரின் காப்பிட்ட கம்பியை அதில் சில சுற்றுச் சுற்றினாலும் பயன் உண்டு. புதுக் கருவி வாங்கும்போது தரமுத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் ஆசிரியன் என்ற உரிமையோடு கண்டித்துச் சொல்வேன்: சார்ஜரையோ இன்வெர்ட்டரையோ நீங்களே திறக்கக் கூடாது. இணைப்பை எடுத்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிர் வாங்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரு நாளுக்குள் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தெருக்களில் வெள்ளம் ஓடியது. அன்றும் எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. இன்வெர்ட்டர் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் இயங்கியது. வானொலி மறுகோடியிலுள்ள அறையில், எந்தப் பக்கம் திருப்பி வைக்கவேண்டுமென்று முன்கூட்டியே அடையாளமிட்ட பலகையின்மேல் இருந்தது. இம்முறை விளக்கை அணைக்க நேரவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் நான் கற்ற பாடம் அவ்வளவே. ஆனால் பக்கத்து வீட்டார் அன்று வந்து, "ஐயா, எங்கள் பெட்டியில் ஒரே இரைச்சல், நிலையம் நின்றுவிட்டதா?" என்று கேட்டார். நான் என் அறைக்கு அழைத்துச் சென்று குரலைக் கேட்கச் செய்தேன். பிறகு அவர் வீட்டுக்குச் சென்று அவருடைய பெட்டியை எங்கே வைப்பது என்று இருவரும் சேர்ந்து தேடினோம்.

மாணவர்களே, நம் தெருவில் ஒலிபெருக்கி அலறினால் நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம். அதை வைத்தவர் யாரென்றும் அறிகிறோம். காதுக்குக் கேளாத அலையின் அலறலோ அவ்வாறன்று. அதை எழுப்புபவர்க்கும் தெரிவதில்லை. அதனால் துன்புறுவோர்க்கும் தெரிவதில்லை. அறிவு ஒன்றே இருவரையும் இணைக்கும். இன்று மாலையே ஒரு சிறு வானொலியோடு உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். அடுத்த புயலுக்கு முன் உங்கள் வீட்டில் குரல் எந்த மூலையில் தெளிவாகக் கேட்கும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்டை வீட்டார்க்கும் தெரிவியுங்கள்.